பிஹெச் மீட்டர் சொல்லாத கணக்கு

இந்த எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம் இது. பேச்சில் இழுத்த இடங்களைச் சுருக்கியிருக்கிறேன். எண்களை மறுபடி போட்டுப் பார்த்துச் சேர்த்திருக்கிறேன்.

சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வேதியியல் படிக்கிற ஒரு தங்கச்சி குரல் பதிவு அனுப்பியிருந்தாங்க. கேள்வி இதுதான்: "அண்ணா, பஃபர் தயார் பண்ணும்போது கடைசியில பிஹெச் மீட்டர்ல வச்சுப் பார்த்துதானே சரி பண்றோம்? பிஹெச் சரியா வந்துட்டா போதாதா? அதுக்கு முன்னாடி மோலாரிட்டி கணக்கு எதுக்கு? ஒரு கிராம் கூடக்குறைய இருந்தா என்ன ஆயிடப் போகுது?"

நல்ல கேள்வி. நானும் இதே நம்பிக்கையோடுதான் எம்.எஸ்ஸி. முதல் வருஷம் முழுக்கச் சுத்தினேன். அந்த நம்பிக்கை எப்படி உடைஞ்சதுன்னு சொல்றேன். அதுக்கு முன்னாடி கேள்வியைக் கொஞ்சம் நம்ம ஊருக்கு இழுத்துட்டு வரணும். விருதுநகர் மாவட்டத்துல வேதியியல் படிக்கிறவங்களுக்குப் பஃபர் கணக்கு வெறும் ரெக்கார்டு நோட்டு விஷயம் இல்லை.

பச்சை வெளிச்சமும் ஒரு தடையும்

பட்டாசுல பச்சை நிறம் எதனால வருதுன்னு சிவகாசியில சின்னப் பையனைக் கேட்டாலும் சொல்லுவான்: பேரியம். சிவப்பு வேணும்னா ஸ்ட்ரான்சியம். பேரியம் நைட்ரேட்டுக்கு நிறம் கொடுக்கிறது மட்டும் வேலை இல்லை. அது ஆக்சிஜன் கொடுக்கிற பொருளாகவும் இருக்கிறதால, கம்பி மத்தாப்பு மாதிரிப் பல சரக்குகள்ல அதுதான் முக்கியச் சேர்மானமா இருந்தது.

2018 அக்டோபர் 23 அன்று, அர்ஜுன் கோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் பட்டாசுகளில் பேரியம் உப்புகளைத் தடை செய்தது. 2021 அக்டோபர் 29 உத்தரவில் தடையை மறுபடி அழுத்திச் சொன்னது. 2023 செப்டம்பரில், மேம்படுத்தப்பட்ட முறையில் பேரியம் சேர்க்க அனுமதி வேணும்னு கேட்டபோதும் மறுத்துவிட்டது. இடையில பசுமைப் பட்டாசுன்னு ஒன்று வந்தது. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட நீரி நிறுவனம் அதுக்கான சேர்மானங்களை உருவாக்கியது, மூலப்பொருளைச் சோதிக்க சிவகாசியிலேயே ஒரு வசதியையும் அமைத்தது.

தடை சரியா தப்பா என்பது இன்னைக்கு நம்ம பேச்சு இல்லை. ஆனா தடை வந்த நாளிலிருந்து "இந்தச் சரக்குல பேரியம் இருக்கா, இல்லையா" என்கிற கேள்விக்கு ஒரு தொழிற்சாலையின் உரிமம் கட்டுப்பட்டிருக்கு. வெம்பக்கோட்டையிலோ தாயில்பட்டியிலோ அந்த ஆலையை நம்பி வேலைக்குப் போறவங்க கூலியும் அதோட சேர்ந்து நிற்குது. இல்லாததை இருக்குன்னு சொன்னா அவங்க வயித்துல அடிக்கிறோம். இருக்கிறதை இல்லைன்னு சொன்னா அந்தப் புகையைச் சுவாசிக்கிறவங்களை ஏமாத்துறோம்.

இன்னைக்குப் பெரிய ஆய்வகங்கள்ல எக்ஸ்ரே ஒளிர்தல், ஐசிபி மாதிரியான கருவிகள் இருக்கு. கோர்ட்டுக்குப் போற முடிவை யாரும் கல்லூரிச் சோதனைக்குழாயை வச்சு எழுத மாட்டாங்க. ஆனா நீங்களும் நானும் உப்புப் பகுப்பாய்வுல கத்துக்கிற பழைய முறை இருக்கு பாருங்க, குரோமேட் சோதனை, அதுல பஃபரோட வேலை கண்ணுக்குத் தெரியும். அதனால அதையே எடுத்துக்கலாம்.

மஞ்சள் படியணும், ஆனா ஒருத்தருக்கு மட்டும்

பேரியம், ஸ்ட்ரான்சியம், கால்சியம் மூணும் ஒரே குடும்பம். சல்பேட் ஊத்தினா பேரியமும் வெள்ளையா படியும், ஸ்ட்ரான்சியமும் வெள்ளையா படியும். சிவப்பு மத்தாப்பு மருந்தைச் சோதிக்கிறவர் அந்த வெள்ளையை நம்பி பேரியம்னு எழுதினா அநியாயம்.

குரோமேட்டுக்குப் பிரிச்சுப் பார்க்கத் தெரியும். பேரியம் குரோமேட்டின் கரைதிறன் பெருக்கம் ஸ்ட்ரான்சியம் குரோமேட்டோடதை விட லட்சக்கணக்கான மடங்கு குறைவு. அதனால கரைசல்ல குரோமேட் அயனி ரொம்பக் கொஞ்சமா இருந்தாலே பேரியம் மஞ்சளா படிஞ்சிடும்; ஸ்ட்ரான்சியம் அப்படியே கரைஞ்சு நிற்கும். (ஈயமும் மஞ்சள் குரோமேட் தரும். அதை முந்தைய தொகுதிகள்லயே வெளியேத்தியிருக்கணும்.)

இப்போ, குரோமேட்டை "ரொம்பக் கொஞ்சமா" எப்படி வைக்கிறது? துளித் துளியா ஊத்தி இல்லை. அமிலத்தன்மையை வச்சு. அமிலம் கூடினா குரோமேட் அயனி ஹைட்ரஜன் குரோமேட்டாவும் டைகுரோமேட்டாவும் மாறி ஒளிஞ்சுக்கும். அமிலம் குறைஞ்சா வெளிய வரும். பிஹெச் 4, 5 பக்கம் இருந்தா பேரியத்துக்குப் போதுமான அளவு வெளிய இருக்கும், ஸ்ட்ரான்சியத்துக்குப் போதாது. அந்த இடைவெளியில கரைசலைப் பிடிச்சு வைக்கத்தான் அசிட்டிக் அமிலமும் சோடியம் அசிட்டேட்டும் கலந்த தாங்கல் கரைசல், நம்ம வாயில பஃபர்.

அம்மோனியா மிச்சம் இருந்து கரைசல் காரமா போயிட்டா என்ன ஆகும்? ஒளிஞ்சிருந்த குரோமேட் மொத்தமும் வெளிய வந்து நிற்கும். 100 மில்லியில 20, 30 மில்லிகிராம் ஸ்ட்ரான்சியம் இருந்தாலே அதுவும் மஞ்சளா படிய ஆரம்பிக்கும். குத்தம் செய்யாதவர் மாட்டுவார். அமிலம் மிச்சம் இருந்தா நேர் எதிர்: பேரியம் படியாமலே தப்பிக்கும்.

நான் மாட்டினது இந்த இரண்டாவது பக்கத்துல.

பத்தேகால் கிராம்

சார் எங்க நாலு பேருக்கும் ஆளுக்கொரு மாதிரிக் கரைசல் கொடுத்தார். எதுல பேரியம் இருக்குன்னு அவருக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. என்னோடதுல ஒரே ஒரு சொட்டு மஞ்சள்கூடப் படியலை. வெந்நீர்ல வச்சேன், ஆற வச்சேன், சுத்தவிட்டும் பார்த்தேன். "பேரியம் இல்லை"ன்னு எழுதிக் கொடுத்தேன். சார் நோட்டை வாங்கிப் பார்த்துட்டு, "தம்பி, இதுல நானே 5 மில்லிகிராம் பேரியம் போட்டிருக்கேனே"ன்னார்.

பஃபர் மேல சந்தேகமே வரலை எனக்கு. காலையிலதான் பிஹெச் பார்த்திருந்தேன், நாலரைக்குப் பக்கத்துல காட்டுச்சு. அதைப் பெருமையாச் சொன்னேன். சார் ஒண்ணும் சொல்லாம ஆய்வக உதவியாளர் அண்ணனைப் பார்த்து, "அண்ணே, அந்த அசிட்டேட் பாட்டிலை எடுங்க"ன்னார். பாட்டில் வந்தது. லேபிள்ல சோடியம் அசிட்டேட் ட்ரைஹைட்ரேட்னு இருந்தது. மூலக்கூறு எடை 136.08. என் நோட்டுல 82.03.

இதுதான் மோலாரிட்டி கணக்கோட உயிர்நாடி, அதனால இங்க கொஞ்சம் நிதானமா போறேன்.

மோலார்னா ஒரு லிட்டர் கரைசல்ல எத்தனை மோல் பொருள் இருக்கு என்பது. கரைசல்னு சொன்னேன், தண்ணீர்னு சொல்லலை. அதுக்கு அப்புறம் வர்றேன். எனக்கு வேண்டியது 1 மோலார் அசிட்டேட் பஃபர், 250 மில்லி. இங்க "1 மோலார்" என்பது அமிலமும் உப்பும் சேர்ந்த மொத்தம். பாதி அமிலம், பாதி உப்பு. அப்போ லிட்டருக்கு 0.5 மோல் அசிட்டேட், 0.5 மோல் அசிட்டிக் அமிலம். 250 மில்லி என்பது கால் லிட்டர், ஆக ஒவ்வொன்றும் 0.125 மோல்.

அசிட்டிக் அமிலம் சுலபம். கிளேஷியல் அமிலம் ஏறத்தாழ 17.4 மோலார். 0.125-ஐ 17.4-ஆல் வகுத்தா 0.0072 லிட்டர், அதாவது 7.2 மில்லி. (கிளேஷியல்னா பனிக்கட்டி மாதிரின்னு அர்த்தம்; 16.6 டிகிரியில உறைஞ்சு போகும். விருதுநகர்ல அதைப் பார்க்கணும்னா பாட்டிலை ஃப்ரிட்ஜுல வச்சாத்தான் உண்டு.)

உப்புல என்ன எடை போடணும் என்பது பாட்டிலைப் பொறுத்தது. நீரற்ற சோடியம் அசிட்டேட்டா இருந்தா 0.125 பெருக்கல் 82.03, அதாவது 10.25 கிராம். ட்ரைஹைட்ரேட்டா இருந்தா ஒவ்வொரு மூலக்கூறும் மூணு தண்ணீர் மூலக்கூறைச் சுமந்துக்கிட்டு வருது. அந்தத் தண்ணிக்கும் சேர்த்துத்தான் தராசு எடை காட்டும். அப்போ 0.125 பெருக்கல் 136.08, 17.01 கிராம் போடணும்.

நான் ட்ரைஹைட்ரேட் பாட்டில்ல இருந்து 10.25 கிராம் போட்டேன். அதுல இருந்தது 0.125 மோல் இல்லை, வெறும் 0.075 மோல். வேண்டியதுல அறுபது சதவீதம்.

சரி, நாற்பது சதவீதம் குறைஞ்ச பஃபரை பிஹெச் மீட்டர் ஏன் பிடிக்கலை? ஹெண்டர்சன் சமன்பாட்டைப் பாருங்க. பிஹெச் என்பது பிகேஏ கூட்டல், உப்புக்கும் அமிலத்துக்கும் உள்ள விகிதத்தின் மடக்கை. அசிட்டிக் அமிலத்தோட பிகேஏ 4.76. விகிதம் 1 ஆ இருந்தா 4.76. விகிதம் 0.6 ஆ இருந்தா? மடக்கை மைனஸ் 0.22. அதனால 4.54. அவ்வளவுதான் வித்தியாசம். மேலும், 1 மோலார் மாதிரி அடர்த்தியான பஃபர்ல அயனிகளோட நெருக்கத்தால மீட்டர் 4.76 காட்டாது, எல்லாம் சரியா செஞ்சாலும் 4.6 பக்கம்தான் காட்டும். அதனால நாலரையைப் பார்த்தா யாருக்கும் பதறாது. நானும் பதறலை.

இன்னும் மோசமான சங்கதி: அந்தப் பஃபரைப் பத்து மடங்கு தண்ணி விட்டு நீர்த்தாலும் மீட்டர் கிட்டத்தட்ட அதே எண்ணைத்தான் காட்டும். ரெண்டும் சேர்ந்து குறையுது, விகிதம் மாறலை.

தண்ணித் தட்டுப்பாடு பழகின ஊருக்கு இதை இப்படிச் சொல்லலாம். ஒரு வீட்டுல குடம் பாதி நிறைஞ்சிருக்கு. பக்கத்து வீட்டு மொட்டை மாடித் தொட்டியும் பாதி நிறைஞ்சிருக்கு. "எவ்வளவு நிறைஞ்சிருக்கு"ன்னு கேட்டா ரெண்டு பேரும் "பாதி"ன்னுதான் சொல்லுவாங்க. பொய் இல்லை. விருந்தாளி பத்துப் பேர் வந்து இறங்கினாத்தான் யார்கிட்ட குடம், யார்கிட்ட தொட்டின்னு தெரியும். பிஹெச் மீட்டர் சொல்றது அந்தப் "பாதி". மோலாரிட்டி சொல்றது தொட்டியோட அளவு.

விருந்தாளி வந்தபோது

என் மாதிரிக்கு விருந்தாளி யார்? மிச்ச அமிலம். கார்பனேட் வீழ்படிவைக் கரைக்க 2 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டிருந்தோம். அதுல சுமார் 2 மில்லி அளவுக்கு அமிலம் வினைப்படாம மிச்சம் நின்னதுன்னு வைங்க. 2 மோலார், 2 மில்லி: 4 மில்லிமோல் அமிலம். அதுக்கு மேல 10 மில்லி பஃபர் விட்டு, டைகுரோமேட் சேர்த்து, மொத்தம் 100 மில்லிக்குக் கொண்டு வந்தோம்.

சரியான பஃபர் 10 மில்லியில 5 மில்லிமோல் அசிட்டேட் இருக்கும், 5 மில்லிமோல் அசிட்டிக் அமிலம் இருக்கும். வந்த 4 மில்லிமோல் அமிலத்தையும் அசிட்டேட் வாங்கிக்கும். மிச்சம் 1 மில்லிமோல் அசிட்டேட், 9 மில்லிமோல் அசிட்டிக் அமிலம். பிஹெச் 3.8. தாங்கல் களைச்சுப் போச்சு, ஆனா விழலை.

என் பஃபர்ல அசிட்டேட் 3 மில்லிமோல்தான். 4 வந்தது, 3-ஐ வாங்கிக்கிட்டு கையை விரிச்சுட்டுது. 1 மில்லிமோல் வலுவான அமிலம் 100 மில்லியில சுதந்திரமா நின்னது. பிஹெச் 2. காலையில ரெண்டுக்கும் இருந்த வித்தியாசம் 0.2, இப்போ ஏறத்தாழ 2. ஹைட்ரஜன் அயனியில சொன்னா அறுபது மடங்குக்கு மேல.

பேரியத்துக்கு இது என்ன அர்த்தம்னு அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கரைசல்ல மொத்தக் குரோமியம் 0.01 மோலார்னு எடுத்துக்கிட்டா, பிஹெச் 3.8-ல 100 மில்லியில கரைஞ்சு தப்பிக்கக்கூடிய பேரியம் சுமார் 0.1 மில்லிகிராம். பிஹெச் 2-ல அது 7, 8 மில்லிகிராம். சார் போட்டது 5. மொத்தமும் கரைசலுக்குள்ளேயே நின்னுடுச்சு, ஒரு துகள் படிய வழியில்லை. நான் கண்ணை எவ்வளவு கூர்மையா வச்சுப் பார்த்திருந்தாலும் மஞ்சள் தெரிஞ்சிருக்காது.

என் பக்கத்துல நின்ன நண்பனுக்கும் அதே பஃபர்தான். அவன் மாதிரியில பேரியம் நிறைய இருந்தது, அதனால அவனுக்கு அழகா மஞ்சள் விழுந்தது. "பஃபர் நல்லாத்தான் இருக்கு"ன்னு எனக்குச் சாட்சியும் சொன்னான்! தப்பான பஃபர் எல்லா நேரமும் தப்பான பதில் தராது. சிக்கலே அதுதான். நிறைய இருக்கிற இடத்துல சரியாச் சொல்லும், கொஞ்சம் இருக்கிற இடத்துல கைவிடும். தடை செய்யப்பட்ட ஒரு பொருள் இருக்கா இல்லையான்னு சண்டை வர்றதே கொஞ்சமா இருக்கிற இடத்துலதான்.

பாட்டிலும் வானிலையும்

எடை போடுறதுக்கு முன்னாடி லேபிளைப் படிங்க, பெயரோட நிறுத்தாம மூலக்கூறு எடை வரைக்கும். சோடியம் அசிட்டேட் பரவாயில்லை, ரெண்டு வடிவம்தான் அடிக்கடி வரும். டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் இருக்கே, அது நீரற்றதுன்னா 141.96, டைஹைட்ரேட் 177.99, ஹெப்டாஹைட்ரேட் 268.07, டோடெக்காஹைட்ரேட் 358.14. எல்லாமே வெள்ளைப் பொடி. நோட்டுல சீனியர் எழுதி வச்ச கிராம் கணக்கைக் காப்பியடிச்சா, அவர் காலத்துப் பாட்டில் எதுன்னு யாருக்குத் தெரியும்? நோட்டுல கிராம் எழுதாதீங்க, மோல் எழுதுங்க. கிராமை அன்னைக்கு இருக்கிற பாட்டிலைப் பார்த்துப் போட்டுக்கலாம்.

நம்ம ஊருக்கே உரிய ஒரு சங்கதியும் இருக்கு. சிவகாசியில தீப்பெட்டியும் பட்டாசும் வேரூன்ற வறண்ட வானிலை ஒரு காரணம்னு சொல்லுவாங்க. மருந்துக்கு நல்லதா இருக்கிற அதே வறட்சி, படிக நீர் உள்ள உப்புக்கு ஆகாது. ட்ரைஹைட்ரேட் பாட்டிலை சித்திரை வெயில்ல மூடி சரியா போடாம வச்சா, படிகம் தன் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டு மேல மாவு பூத்துடும். அப்போ லேபிள்ல 136 இருந்தாலும் உள்ள இருக்கிறது 136-க்கும் 82-க்கும் நடுவுல ஏதோ ஒண்ணு. நீரற்ற உப்புக்கு ஐப்பசி மழைதான் எதிரி. ஈரத்தை இழுத்துக் கட்டி தட்டும். மாவு பூத்த பாட்டிலையும் கட்டி தட்டின பாட்டிலையும் கணக்குக்கு நம்பாதீங்க, புதுசைத் திறங்க. கல்லூரியில புதுப் பாட்டில் கேட்டா என்ன பதில் வரும்னு எனக்கும் தெரியும். அதுக்கும் ஒரு வழி வச்சிருக்கேன், வர்றேன்.

வெயிலைப் பத்திப் பேசும்போது பலர் கேட்கிறது: "சூட்டுல தண்ணி விரிவடையுமே, மோலாரிட்டி மாறாதா?" மாறும். 27 டிகிரியிலிருந்து 37-க்குப் போனா தண்ணீரோட கன அளவு சுமார் 0.3 சதவீதம் கூடும். பாட்டிலைத் தப்பாப் படிச்சா வர்ற பிழை 40 சதவீதம். எதைப் பத்திக் கவலைப்படணும்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க. அசிட்டேட்டுக்கு இவ்வளவு போதும். டிரிஸ் பஃபர் பயன்படுத்துற உயிர்வேதியியல்காரங்க மட்டும் சூட்டைக் கவனிக்கணும், அங்க ஒவ்வொரு டிகிரிக்கும் பிஹெச் 0.028 பக்கம் இறங்கும். பத்து டிகிரிக்கு 0.28.

தண்ணீரா, கரைசலா

முன்னாடி விட்டு வச்சது இது. 250 மில்லி தண்ணீரை அளந்து எடுத்து அதுல 17 கிராம் உப்பையும் 7 மில்லி அமிலத்தையும் போடுறாங்க. அது 250 மில்லி கரைசல் இல்லை. உப்பும் அமிலமும் இடம் பிடிக்கும், மொத்தம் 250-ஐத் தாண்டிடும், மோலாரிட்டி குறைஞ்சிடும். பீக்கர்ல 150 மில்லி தண்ணீர்ல உப்பைக் கரைங்க. அமிலத்தைப் புகைக்கூண்டுக்குள்ள வச்சுச் சேருங்க. பிஹெச் பாருங்க, திருத்தணும்னா இப்பவே திருத்துங்க. பிறகு 250 மில்லி ஸ்டாண்டர்டு ஃப்ளாஸ்குக்கு மாத்தி, பீக்கரை ரெண்டு மூணு தடவை கழுவி அந்தத் தண்ணியையும் சேர்த்து, கோடு வரைக்கும் நிரப்புங்க. கோடு வரைக்கும் நிரப்பினதுக்கு அப்புறம் பிஹெச் சரி பண்றேன்னு காரம் விடுறவங்களை நிறையப் பார்த்திருக்கேன். கன அளவு போச்சு, விகிதமும் போச்சு.

இன்னொண்ணு. 1 மோலார் அசிட்டிக் அமிலம் 100 மில்லி, 1 மோலார் சோடியம் அசிட்டேட் 100 மில்லி, ரெண்டையும் கலந்தா எத்தனை மோலார் பஃபர்? வகுப்புல கேட்டா பாதிப் பேர் 2 மோலார்ம்பாங்க. கன அளவும் ரெண்டு மடங்கு ஆயிடுச்சு. அமிலம் 0.5, உப்பு 0.5, மொத்தம் 1 மோலார்தான்.

சரி, அந்தத் தங்கச்சி கேள்விக்கு வர்றேன். "மீட்டர்ல வச்சுப் பார்த்தா போதாதா?" போதும், ஆனா கேட்கிற விதத்துல கேட்கணும். பஃபரை அப்படியே மீட்டர்ல வைக்காதீங்க. 10 மில்லி எடுத்து, 2 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 2 மில்லியைப் பிப்பெட்டில் அளந்து விட்டு, 100 மில்லிக்கு நீர்த்து, அப்புறம் மீட்டரை வைங்க. 3.8 பக்கம் காட்டினா உப்புக் கணக்கு சரி. 2-ன்னு காட்டினா பாட்டிலை எடுத்து லேபிளைப் படிங்க. அமிலப் பக்கத்தைப் பார்க்க, இன்னொரு 10 மில்லியை பினாப்தலீன் போட்டு 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடால தரம்பார்த்தா 5 மில்லியில இளஞ்சிவப்பு வரணும். பழைய பாட்டில்தான் கிடைக்கும்னு சொல்ற ஆய்வகத்துலயும் இந்த ரெண்டு சோதனையைச் செய்யலாம், பத்து நிமிஷ வேலை. அன்னைக்கு என் சார் என்னைச் செய்ய வச்சது இந்த முதல் சோதனையைத்தான். மீட்டர்ல 2 வந்ததும் அவர் வேற எதுவும் சொல்லலை, டீ குடிக்கப் போயிட்டார்.

முடிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு எச்சரிக்கை. குரோமேட்டும் டைகுரோமேட்டும் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய ஆறு இணைதிறன் குரோமியம், கரையும் பேரியம் உப்பு நஞ்சு. கையுறை போடுங்க, சோதனை முடிஞ்சதை தொட்டியில ஊத்தாதீங்க, தனிப் பாட்டில்ல சேர்த்துப் பொறுப்பாளர்கிட்ட கொடுங்க. அப்புறம், இதைக் கேட்டுட்டு வீட்டுல யாரும் பட்டாசைப் பிரிச்சு மருந்து எடுக்காதீங்க. உராய்ஞ்சாலே பத்திக்கிற சாமான் அது. நான் சொன்னது எல்லாம் ஆய்வகத்துல கொடுக்கிற உப்புக் கரைசலுக்கு.

அடுத்த எபிசோட்ல இன்னொருத்தர் கேட்ட கேள்வி: ஆழ்துளைக் கிணத்துத் தண்ணியோட கடினத்தன்மையை அளக்கிறதுக்கு ஏன் பிஹெச் 10-ல அம்மோனியா பஃபர் விடுறோம். அம்மோனியா பாட்டில் திறந்து வச்சா மோலாரிட்டி என்ன ஆகும்னு அப்போ பார்க்கலாம். வர்றேன், வணக்கம்.